எட்டுக் கேமராக்கள், ஒரே கடவுச்சொல்: எங்கள் தெருவின் கண்காணிப்பு ஏற்பாடு பற்றிய மதிப்பீடு

தென்சென்னையில் வேளச்சேரியை ஒட்டியிருக்கும் எங்கள் தெருவில் 2023 ஆகஸ்டில் எட்டுக் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. வீட்டுக்கு 2,000 ரூபாய் வீதம் 64 வீடுகளும், மீதித் தொகையை மாவு மில்லும் இரண்டு மளிகைக் கடைகளும் தர, மொத்தம் 1,38,000 ரூபாய் செலவானது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 12,000 ரூபாய் தனி. நலச்சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கி, ஒன்றைத் தேர்ந்து, காசோலையில் கையெழுத்திட்டவள் நான். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய பிறகு, இதே வேலையைத் தங்கள் தெருவில் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்தத் தொழிலில் பொது வழக்கமாகவே இருக்கின்றன என்பதை, பக்கத்துத் தெருக்களின் சங்கங்களோடு பேசிய பிறகு அறிந்துகொண்டேன்.

முதலில் பொருளைப் பற்றி. நான்கு மெகாபிக்சல் திறனுள்ள புல்லட் வகைக் கேமராக்கள் எட்டு, எட்டு இணைப்புகள் கொண்ட என்.வி.ஆர். எனப்படும் பதிவுப் பெட்டி ஒன்று, அதற்குள் 4 டிபி ஹார்டு டிஸ்க், ஒரு யுபிஎஸ், கேட்-6 கேபிள், நான்கு இரும்புக் கம்பங்கள், நீர் புகாதவை என்று சொல்லித் தரப்பட்ட பெட்டிகள் ஆகியவை அடங்கிய தொகுப்பு இது. பகல் வெளிச்சத்தில் படம் மிகத் தெளிவாக இருக்கிறது; தெருமுனையில் நிற்கும் இருசக்கர வாகனத்தின் எண்ணைப் பதினைந்து அடி தூரத்தில் தயக்கமின்றிப் படிக்க முடிகிறது. இரவில் நிலைமை வேறு. அகச்சிவப்பு விளக்கின் ஒளியில் எண் பலகை வெள்ளையாகப் பூத்துவிடுவதால், வாகனத்தின் வடிவம் தெரிகிறதே தவிர எண் தெரிவதில்லை. அந்த விளக்குக்குப் பூச்சிகள் வர, பூச்சிகளுக்காகச் சிலந்திகள் வந்து கண்ணாடியின் குறுக்கே வலை பின்ன, மாதம் ஒருமுறை ஏணி வைத்துத் துடைத்தாக வேண்டும். இதை விற்பனையாளர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதி முழுவதும் நீரில் நின்றது. கம்பத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் பொருத்தியிருந்த இரண்டு இணைப்புப் பெட்டிகள் மூழ்கிப்போயின. பதிவுப் பெட்டி செயலாளர் வீட்டின் முதல் மாடியில் இருந்ததால் தப்பியது. நிறுவனத்தின் பணியாளர் ஒன்பதாம் நாள் வந்து, கூடுதல் கட்டணம் கேட்காமல் பெட்டிகளை ஏழடி உயரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த நாட்களில் நகரம் இருந்த நிலையை நினைத்தால் ஒன்பது நாள் தாமதத்தைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பொருளுக்கும் பொருத்திய வேலைக்கும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகத் தரலாம்.

விலைப்புள்ளியில் இருந்த ஒரு வாக்குறுதியை மட்டும் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பது நாள் பதிவு கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகிறது. எட்டுக் கேமராக்களுக்கு 172.8 ஜிபி. அந்த வேகத்தில் 4 டிபி தட்டு ஏறக்குறைய இருபத்து மூன்று நாளில் நிறைந்து, பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படத் தொடங்கிவிடும். முப்பது நாள் வேண்டுமென்றால் 6 டிபி தட்டு கேட்டிருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் இந்தப் பெருக்கலை நாங்கள் செய்யவில்லை. ஆனால் முப்பது நாள் உண்மையில் வேண்டுமா, பதினைந்து நாள் போதாதா, அதை முடிவு செய்யும் உரிமை விற்பவருக்கா வாங்குபவருக்கா படத்தில் விழுகிறவருக்கா என்ற கேள்வி அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே இன்று எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது.

இந்தக் கேமராக்களை வாங்கச் சொன்னதில் ஒரு வரலாறு இருக்கிறது. 2016 ஜூன் 24 அன்று காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, நிலையத்துக்குள் கேமரா இல்லை. சுற்றுப்புறத் தெருக்களில் தனியார் வைத்திருந்த கேமராக்களின் பதிவுகளைக் கொண்டே காவல்துறை தேடத் தொடங்கியது. அந்த அதிர்ச்சி இந்த நகரத்தின் நினைவில் நெடுநாள் இருந்தது. அடுத்த ஆண்டு ஏ.கே. விஸ்வநாதன் சென்னை மாநகரக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற பிறகு ‘மூன்றாவது கண்’ என்ற திட்டம் வேகம் பெற்றது. ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்கோடு, வணிகர்களையும் குடியிருப்போரையும் நன்கொடையாளர்களையும் அணுகி, அவர்களுடைய செலவிலேயே தெருத்தெருவாகக் கேமராக்கள் வைக்கப்பட்டன. சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் பின்னர் வெளியிட்ட உலக நகரங்களின் ஒப்பீட்டில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள் என்ற கணக்கோடு சென்னை முதலிடத்தில் இருந்தது. ஒரு மாநகரம் முழுவதற்குமான கண்காணிப்பு ஏற்பாடு பெருமளவுக்கு மக்களின் சொந்தப் பணத்தில் அமைந்தது, ஆனால் அதில் சேரும் பதிவுகளுக்கு யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி யாரும் எங்கள் கையில் தரவில்லை.

கேமராவால் எங்களுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2024 பிப்ரவரியில் எங்கள் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எழுபது வயதுப் பெண்மணி ஒருவரின் தாலிச் சங்கிலியை இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். எங்கள் மூன்றாவது கேமராவில் வண்டியின் எண் பாதியும், அடுத்த தெருவின் கேமராவில் மீதியும் கிடைக்க, நான்காம் நாள் அவர்கள் பிடிபட்டார்கள், சங்கிலியும் மீண்டது. அந்த அம்மாள் சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் இந்த ஏற்பாடே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் அந்த நல்ல காரியம் நடந்த விதத்தை அருகிலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு முதல் உறுத்தல் ஏற்பட்டது. காவலர் ஒருவர் பென் டிரைவோடு வந்தார்; செயலாளர் வீட்டில் தேநீர் குடித்தபடி ஒரு நாள் முழுவதற்கான பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். எழுத்தில் கோரிக்கை இல்லை, நாங்கள் பெற்றுக்கொண்ட ஒப்புதல் சீட்டும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது காலை ஆறு மணியையொட்டிய பத்து நிமிடம். போனதோ இருபத்து நான்கு மணி நேரமும் எங்கள் தெருவில் யார் யார் வந்தார்கள், போனார்கள் என்ற முழுக் கணக்கு. பதிவுப் பெட்டியின் கடிகாரம் வேறு பதினொரு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தவள். பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் இருக்கும். இரண்டும் ஒரே அதிகாரியின் கையில் இருக்கக் கூடாது. வாடிக்கையாளரின் லாக்கரை வங்கியின் சாவியும் அவருடைய சாவியும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். ஊழியர்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் வந்த வழக்கம் என்று இதை யாரும் நினைப்பதில்லை. நேர்மையான ஊழியர் மேல் வீண்பழி விழாமலிருக்கவும் அந்தப் பதிவேடுதான் காவல். அந்தப் பழக்கத்திலேயே வாழ்ந்த நான், 64 குடும்பங்களின் போக்குவரத்தைச் சேமிக்கும் பெட்டிக்கு இந்த விதிகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் காசோலை கொடுத்திருந்தேன்.

நிறுவனம் செய்து கொடுத்த ஏற்பாடு இதுதான். பதிவுப் பெட்டிக்கு ‘அட்மின்’ என்ற ஒரே பயனர் பெயர், அதற்கு ஒரே கடவுச்சொல். தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் இருவர் என்று ஐந்து பேரின் கைப்பேசிகளில் செயலியை நிறுவி, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த க்யூஆர் குறியீட்டை வருடி, அதே பெயரிலும் கடவுச்சொல்லிலும் இணைத்துக் கொடுத்தார்கள். ஆறாவதாக, பராமரிப்புக்கு வேண்டும் என்று சொல்லி நிறுவனமும் அதையே வைத்துக்கொண்டது. படம் எங்கள் தெருவிலிருந்து கைப்பேசிக்கு வந்து சேர்வது செயலியை உருவாக்கிய நிறுவனத்தின் சர்வர் வழியாக. அந்தச் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை விலைப்பட்டியலும் சொல்லவில்லை, உத்தரவாத அட்டையும் சொல்லவில்லை.

2024 ஆகஸ்டில் அந்தச் சம்பவம் நடந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் செவிலியராகப் பணிபுரியும் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தோழியோடு வாடகைக்கு இருந்தார். ஒருநாள் இரவுப் பணி நீண்டு, நடுநிசிக்குப் பிறகு உடன் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அவரை வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போனார். வாசலில் இரண்டு நிமிடம் நின்று பேசியிருப்பார்கள். மறுநாள் காலையில் அந்த இரண்டு நிமிடக் காட்சி தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. யாரோ ஒருவர் கைப்பேசித் திரையில் ஓடியதை அப்படியே பதிவு செய்து, அது இரண்டு மூன்று கை மாறிக் குழுவுக்கு வந்திருந்தது. அதன் கீழே எழுதப்பட்டவற்றை நான் இங்கே திரும்ப எழுத மாட்டேன். அந்த வாரமே வீட்டுக்காரர் போர்ஷனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

போவதற்கு முன்பு அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தார். “அம்மா, அந்தப் படத்தை எடுத்தது யார்? இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது? எப்போது அழிப்பீர்கள்?” என்று மூன்று கேள்விகள் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பெட்டியில் யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்று காட்டும் நுழைவுப் பதிவு உண்டு, எடுத்துப் பார்த்தோம். எல்லா வரியிலும் ‘அட்மின்’ என்றே இருந்தது. ஐந்து நிர்வாகிகளும், நிறுவனத்தில் அந்தக் கடவுச்சொல்லை அறிந்த அத்தனை பேரும் ஒரே பெயருக்குள் மறைந்து நின்றார்கள். எவர் மீதும் குற்றம் சொல்லவும் முடியவில்லை, எவரையும் குற்றமற்றவர் என்று சொல்லவும் முடியவில்லை.

தனித்தனிப் பயனர் பெயர்கள் வேண்டும், அட்மின் கடவுச்சொல்லை நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டபோது, அப்படிச் செய்தால் பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி தொலைவிலிருந்து பழுது பார்க்க முடியாது என்று பதில் வந்தது. தொலைபேசியில் பேசியவர் மரியாதையாகவே பேசினார். தங்களுடைய எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இதுவே நடைமுறை என்றும் சொன்னார். அவர் ஆறுதலாகச் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்கு அச்சத்தைக் கூட்டியது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள், சிகிச்சை பெறவந்த பெண்களின் படங்களோடு இணையத்தில் விற்பனைக்கு வந்ததை நாம் எல்லோரும் படித்தோம். மாற்றப்படாமலே விடப்பட்ட ‘அட்மின்123’ போன்ற கடவுச்சொற்கள் வழியாகவே திருடர்கள் உள்ளே புகுந்தார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. தனியார் மட்டுமே இப்படி அசட்டையாக இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளம் காணும் இணையதளத்துக்குள்ளேயே வெளியாட்கள் அத்துமீறி நுழைந்ததாகச் செய்தி வந்து, அதன் மேல் புகாரும் பதிவானது. கடவுச்சொல்லை மாற்றிவிட முடியும். ஒருவர் தன் முகத்தை எப்படி மாற்றிக்கொள்வார்?

எனவே இந்தச் சேவையின் தரவுப் பாதுகாப்புக்கு நான் தருவது ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும், நாங்கள் எழுத்தில் கேட்ட பிறகு அவர்கள் பதில் எழுதினார்கள் என்பதற்காகத்தான்.

கேமரா யாரிடம் இருக்கிறது என்பதைவிட, அதன் பதிவை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது பெரிய கேள்வி. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்த சில நாட்களில் அடுத்தடுத்து உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நிலையத்துக்குச் சென்று பார்த்தபோது, ஹார்டு டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துவிடும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது என்று தம் அறிக்கையில் எழுதினார். கேமரா இருந்தது, தட்டில் இடமும் இருந்தது; யாரைக் கண்காணிக்க அந்தக் கேமரா வைக்கப்பட்டதோ அவர்கள் கையிலேயே அதன் அமைப்பும் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் இரவுக் காட்சியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதமும், அதற்கேற்ற கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும், இவற்றை மேற்பார்வையிட மாநிலத்திலும் மாவட்டத்திலும் குழுக்கள் அமைய வேண்டும் என்று ஆணையிட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து 2025 செப்டம்பரில், நிலையங்களில் கேமராக்கள் செயல்படாமலிருப்பதை அதே நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுக்க வேண்டியிருந்தது. காவல் நிலையத்துக்குப் பதினெட்டு மாதம் வேண்டும், எங்கள் தெருவுக்குப் பதினைந்து நாளே போதும் என்று நான் சொல்வதில் முரண் இல்லை என்றே கருதுகிறேன். அதிகாரம் உள்ள இடத்தில் பதிவு நீண்ட நாள் இருக்க வேண்டும். தன் வீட்டுக்கு நடந்து போகிறவளின் பதிவு, தேவை முடிந்ததும் மறைய வேண்டும்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது என்று பார்க்க முயன்றேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம் ஆகும். தனிமனிதர் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு உண்டு. நலச்சங்கம் தனிமனிதர் அல்ல என்பதால், அந்த விலக்கின் நிழலில் நாங்கள் ஒதுங்க முடியாது என்பதே என் புரிதல். அதே சட்டம், குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் சில கடமைகளிலிருந்து விலக்கு அளிப்பதோடு, ஒன்றிய அரசு அறிவிக்கை செய்யும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கே தர இடம் வைத்திருக்கிறது. ஆக, தெருச் சங்கத்தைப் பிடிக்கும் கை அதைவிட நூறு மடங்கு பதிவுகளை வைத்திருப்பவரிடம் போகும்போது தளர்ந்துவிடுகிறது. இதை நான் ஏற்கவில்லை.

வெளிநாட்டில் இதைத் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்லவும் நான் தயாராயில்லை, ஆனால் கேள்வியைக் கேட்கவாவது வழி செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஒரு கேமராவில் தாம் பதிவான காட்சியைக் கேட்டு எவரும் எழுதலாம். வைத்திருப்பவர் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். செக் நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில், ஒருவர் தம் வீட்டில் வைத்த கேமரா பொதுத் தெருவையும் பதிவு செய்தால் அதை முற்றிலும் வீட்டுக் காரியம் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. இங்கே ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2013இல் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் கூடும் நிறுவனங்கள் பதிவுகளை முப்பது நாள் வைத்திருந்து காவல்துறைக்குத் தர வேண்டும் என்றது. தருவது யாருக்கு என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. என்னிடம் வந்து மூன்று கேள்வி கேட்ட அந்தப் பெண்ணைப் போன்றவருக்கு எந்த வரியைக் காட்டுவது?

அவரைப் போன்ற இன்னொருவர் வந்தால் பதில் சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் பொதுக்குழுவில் சில முடிவுகளை எடுத்தோம். நான்கு மணி நேரம் நடந்த கூட்டம் அது; சிலர் இது தேவையற்ற கெடுபிடி என்று சொன்னார்கள், சிலர் காவல்துறை கோபித்துக்கொள்ளும் என்று அஞ்சினார்கள். ஐந்து கைப்பேசிகளிலிருந்தும் செயலி நீக்கப்பட்டது. பதிவுப் பெட்டி செயலாளர் வீட்டிலிருந்து சங்க அறைக்கு மாறி, சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் ஏழடி உயரத்தில் இருக்கிறது. கடவுச்சொல் பதினாறு எழுத்துகள்; முதல் எட்டைச் செயலாளரும் பின் எட்டை நானும் தனித்தனியே தட்டினோம், ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது, இரு பாதிகளும் முத்திரையிட்ட இரண்டு உறைகளில் இரு வேறு வீடுகளில் இருக்கின்றன. தெருவின் இரு முனைகளிலும், இங்கே கேமரா பதிவு செய்கிறது, பதினைந்து நாள் கழித்து அழிந்துவிடும், கேள்விகளுக்கு இந்த எண்ணை அழைக்கவும் என்று தமிழில் பலகை வைத்தோம்.

காவல்துறை பதிவு கேட்டால் மறுக்க மாட்டோம். எழுத்தில் கேட்கச் சொல்கிறோம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி ஆவணங்களையும் மின்னணுப் பதிவுகளையும் எழுத்தாணை மூலம் கோர நிலைய அதிகாரிக்கு வழி இருக்கிறது. இது வழக்குக்கும் நல்லதே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு சான்றிதழ் ஒன்றைக் கோருகிறது. பிரதி மாறாமல் இருப்பதைக் காட்டும் ஹாஷ் எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். பென் டிரைவில் பேச்சுவாக்கில் போன பதிவுக்கு இந்தச் சான்றிதழை யார் தருவார்? இந்த ஒழுங்கைக் கொண்டுவந்த பிறகு இரண்டு முறை காவல் நிலையத்திலிருந்து கோரிக்கை வந்தது. இரண்டு முறையும் உதவி ஆய்வாளர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். தேவையான நேரத்துக்கு மட்டும் பிரதி எடுத்துக் கொடுத்தோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இரண்டு சொல்வேன். 2025 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் கண்காணிப்புக் கேமராக்கள், மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வகுத்த பாதுகாப்புத் தகுதிகளின்படி சோதிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது; அந்த அமைச்சகத்தின் கீழுள்ள தரச்சோதனை அமைப்பான எஸ்டிக்யூசியின் சான்று உண்டா என்று கேளுங்கள். எங்கள் கருவிகள் அதற்கு முன் வாங்கியவை, அந்தச் சோதனை இல்லாதவை. இரண்டாவது, விலைப்புள்ளியில் மெகாபிக்சலுக்கு ஒரு வரி இருப்பதுபோல, அட்மின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும், எத்தனை பயனர் பெயர்கள், நிறுவனத்தின் பணியாளர் நுழைந்தால் அது எப்படித் தெரியவரும் என்பதற்கும் வரிகள் வேண்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் என்ன பதில் வரும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

எங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்தை அதே நிறுவனத்தோடு புதுப்பிக்கவில்லை. பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு தொழில்நுட்பர், அழைக்கும்போது நேரில் வந்து, எங்கள் இருவரின் முன்னிலையில் வேலை பார்த்துவிட்டுப் போகிறார். தொலைவிலிருந்து யாரும் உள்ளே வருவதில்லை. ஆண்டுச் செலவு முன்பைவிடச் சுமார் 3,000 ரூபாய் அதிகமாகிறது. அந்தத் தொகையைச் சங்கம் முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நீண்ட கோடு போட்ட பதிவேடு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குகிறது. தேதி, நேரம், யார் கேட்டது, எந்தக் கேமரா, எத்தனை நிமிடம், காரணம், இருவர் கையெழுத்து என்று ஏழு கட்டங்கள். இன்றுவரை ஒன்பது வரிகள் நிரம்பியிருக்கின்றன. பதிவேட்டைத் திறந்த அன்று, அது தொடங்குவதற்கு முன் நடந்ததாக இருந்தாலும், 2024 ஆகஸ்டின் அந்த இரவை முதல் வரியாக எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தேதி எழுதினோம், கேமரா எண் ஐந்து என்று எழுதினோம், இரண்டு நிமிடம் என்று எழுதினோம். யார் என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.